இடப்பக்கக் கொக்கி

கழுத்தில் போட்டால்
இரண்டு கமராவும் நெஞ்சுக்கு நடுவில் முட்டிக்கொள்ளும்.
ஒவ்வொரு முட்டலுக்கும்
கட்டி முடியாத தவணை ஒன்று நினைவில் வரும்.
தோளுக்கொன்றாய்ப் போட்டால்
குனிந்தவுடன் வழுகி முழங்கைக்கு இறங்கும்,
மிகச் சரியாக, பெண்ணின் விரலில் மெட்டி ஏறும் நேரத்தில்.

கடையில் விற்கிற பட்டிகள்
ஆம்பிளை நெஞ்சுக்கு வெட்டியவை.
பூட்டிப் பார்த்தேன்.
மூச்சா, படமா, ஒன்றைச் சொல்
என்று இறுக்கியது.

கல்முனையில்
ஓட்டோவுக்கு சீற் கவர் தைக்கிற நஸ்மீரிடம் போனேன்.
"கமராவுக்கு சீற் பெல்ற் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்"
என்றபடி பழைய வான் ஒன்றின் பட்டியை
முழம் முழமாக இழுத்தான்.
எந்த வான் என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
அளவெடுக்க உள்ளிருந்து ரிஸ்மியா வந்தாள்,
இடுப்பில் ஒன்று, சட்டையைப் பிடித்தபடி ஒன்று,
இரட்டைப் பிள்ளைகள்.
"முன்னுக்கு வேணாம், முதுகால குறுக்க உடுங்க.
பாரம் இடுப்பெலும்புல இரிக்கணும்.
தோள் சும்மா பிடிச்சாப் போதும்."
அவளுக்குத் தெரியாதா.

இப்போது வலப்பக்கம் முப்பத்தைந்து:
மணவறை முழுக்க, குத்துவிளக்கு, சனம்,
கூப்பிடாமலே குறுக்கே வரும் ஒரு மாமா.
இடப்பக்கம் எண்பத்தைந்து:
ஒரு இமை. மேலுதட்டில் ஒரு வியர்வை.
ஒன்றைக் கண்ணுக்குத் தூக்கினால்
மற்றது தொடையில் மெல்லத் தட்டும்,
நானும் இருக்கிறேன் என்று.

இடப்பக்கத்துக்கு முன்பு ஒரு ஆள் இருந்தாள்.
கஜேந்தினி.
களுவாஞ்சிக்குடியில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை,
கதவில் எங்கள் இருவர் பெயர்.
நான் அகலம், அவள் கிட்ட.
மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நின்று
புருவத்தாலேயே பேசுவோம்:
நீ அப்பாவின் கண்ணைப் பார்,
நான் தாலியைப் பார்க்கிறேன்.

இரண்டையும் நானே பூட்டிக்கொண்டு போன முதல் நாள்
பெரியகல்லாற்றில் கல்யாணம்.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
நடுவில் ஒடுங்கிய நிலத்தில் ஒரு மண்டபம்.
குளிரறையை விட்டு வெளியே வந்தவுடன்
இரண்டு லென்ஸிலும் புகார் படிந்தது.
சேலைத் தலைப்பால் துடைத்து நிமிர்ந்தால்
கூறை உடுத்து மணவறையில் இருக்கிறாள்
கஜி.
பக்கத்தில் சூரிச்சிலிருந்து வந்த மாப்பிள்ளை.
அவளுடைய கமரா என் இடுப்பில்.

கெட்டிமேளம்.
அரிசி பறக்கிறது, ஆட்கள் எழும்புகிறார்கள்,
மாமா வந்துவிட்டார்.
நான் ஒரு முழங்காலில்.
மாப்பிள்ளையின் விரல்கள் அவள் பிடரியில் முடிச்சைத் தேடுகின்றன.
அவளோ அவரையும் பார்க்கவில்லை, ஐயரையும் பார்க்கவில்லை.
தலையைச் சரித்து
என் இடுப்பைப் பார்க்கிறாள்.
பிறகு என்னை.
புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது.

கையை வைத்துப் பார்த்தேன்.
இடப்பக்கக் கொக்கி திறந்து,
அரை விரல் நுனியில் தொங்கியது எண்பத்தைந்து.
டக்.
பூட்டினேன்.
வலக்கை அதற்குள் அழுத்தியிருந்தது.

அல்பத்தில் அந்தப் படம் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது.
தாலி ஏறும்போது தலை சாய்த்த பெண்.
"என்ன வெட்கம் பாருங்கோ" என்று
மாமியார் ஊரெல்லாம் காட்டினாவாம்.
தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தவள்
சிரித்து முடித்து,
"கொக்கியை மாத்தினியா?" என்றாள்.

மாற்றிவிட்டேன். இரும்புக் கொக்கி, திருகுப் பூட்டு.
ஆனாலும்
எந்த ஊரிலும் கெட்டிமேளம் தொடங்கினால்
இடக்கை தானாக இடுப்புக்குப் போகிறது.
போன கிழமை காரைதீவில்
தட்டோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்:
"இடுப்பு நோகுதா தங்கச்சி?"
மேளச் சத்தத்தில் விளக்கம் சொல்ல முடியாது.
ஓம் என்று தலையாட்டினேன்.